முழங்கை உயரமும் மேசை உயரமும்

அலுவலகங்களுக்கு மேசை நாற்காலி வாங்கிப் போடும் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலக மேசையின் உயரம் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி. ஆசாரி செய்தாலும் தொழிற்சாலையிலிருந்து பிரித்து அனுப்பப்பட்டாலும் இந்த அளவு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் மாறுவதில்லை. 5 அடி உயரமுள்ள பெண் ஒருவர் இரு பாதங்களும் தரையில் பதியும்படி உட்கார்ந்து, தோள்களைத் தளரவிட்டு முழங்கையை மடக்கினால், அந்த முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 62 சென்டிமீட்டரில் நிற்கும். மேசைமேல் வைத்த கீபோர்டின் மேற்பரப்போ 77 சென்டிமீட்டரில் இருக்கிறது. இடைவெளி அரை அடி. அந்த அரை அடியை யாரோ ஒருவர் நிரப்பியாக வேண்டும். மேசையும் தரையும் அசையாதவை. ஆகவே அவருடைய தோள் மேலே ஏறுகிறது, அல்லது நாற்காலியை உயர்த்திக்கொண்டு கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. எட்டு மணி நேர வேலையில் வரும் கழுத்து வலி, தோள்பட்டைப் பிடிப்பு, கை மரத்துப்போதல் ஆகியவை பல சமயம் இந்த இடைவெளியிலிருந்து தொடங்குகின்றன.

இது குள்ளமானவர்களின் சிக்கல் மட்டும் அல்ல. ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள ஆணின் முழங்கைகூட, அதே நிலையில் உட்கார்ந்தால் 70 சென்டிமீட்டருக்கு அருகில்தான் நிற்கும். 75 சென்டிமீட்டர் மேசை காகிதத்தில் பேனாவால் எழுதுவதற்காக அமைந்தது. எழுதுபவர் சற்று முன்னால் சாய்வார், முன்கையை மேசைமேல் கிடத்துவார். அதற்கு அந்த உயரம் சரி. தட்டச்சுப் பொறி வந்த காலத்தில் அதற்கென்று தனி மேசை இருந்தது. எழுதும் மேசையைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் தாழ்வானது. பொறியின் விசைகள் மேலே நிற்பதால் மேசை கீழே இறங்க வேண்டும் என்பது அன்றைய தச்சர்களுக்கே தெரிந்திருந்தது. கணினி வந்தபோது அந்தத் தாழ்ந்த மேசைகள் பழைய சாமானோடு போய்விட்டன. கணினி எழுதும் மேசையில் ஏறி உட்கார்ந்தது. பணிச்சூழலியல் என்ற துறை இத்தகைய பொருத்தமின்மைகளைத் தேடிக் களைவதற்காகவே இருக்கிறது. வேலையை ஆளுக்கு ஏற்றபடி அமைப்பது அதன் நோக்கம். ஆளை வேலைக்கு ஏற்றபடி வளைப்பது அல்ல.

உட்கார்ந்து செய்யும் வேலை உடம்பைக் கெடுக்கும் என்பது கணினிக்கு முந்தைய அறிவு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றிய தம் நூலை 1700இல் வெளியிட்டார். 1713இல் விரிவாக்கிய பதிப்பில் எழுத்தர்களைப் பற்றியும் எழுதினார். அவர்கள் துன்பத்துக்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: இடைவிடாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே விதமாக ஓயாமல் அசைத்தல், பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பட்டியலில் அடிக்க ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவருக்கு எழுதியெழுதியே வலக்கை செயலிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். விரைவில் அந்தக் கைக்கும் அதே நோய் வந்தது. வலக்கை வலிக்கிறது என்று மவுஸை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வேறு எதையும் மாற்றாமல் தொடரும் இன்றைய ஊழியரின் கதையும் பல சமயம் இப்படியே முடிகிறது.

காயம் என்றால் அடிபடுவது என்றே மனம் நினைக்கிறது. மேசை வேலையில் வரும் காயம் அப்படித் தெரியும்படி வருவதில்லை. தசை சுருங்கி விரியும்போது ரத்தம் அதற்குள் பாய்ந்து வெளியேறுகிறது. தோளை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தியபடியே ஒரு மணி நேரம் வைத்திருந்தால், தசை சுருங்கிய நிலையிலேயே நின்றுவிடுகிறது; ரத்த ஓட்டம் குறைகிறது; கழிவு தேங்கி வலியெடுக்கிறது. தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பது எளிது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. திரையை எட்டிப் பார்க்கத் தலையை முன்னே நீட்டும்போது கழுத்தின் பின்புறத் தசைகள் அந்த நீட்டிய கையின் வேலையைச் செய்கின்றன.

விறைப்பாக நிமிர்ந்து உட்காருவதே இடுப்பு முதுகுக்கு நல்லது என்ற தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சுவீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். நிற்பதைவிட முதுகுக்கு ஆதாரமின்றி உட்காரும்போது அழுத்தம் கூடுதல் என்றும், பின்னால் சாயச் சாய அது குறைகிறது என்றும் கண்டார். 1999இல் ஜெர்மனியில் நடந்த அளவீட்டில், தளர்ந்து உட்காரும்போதும் நிற்கும்போதும் அழுத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. ஆனால் முன்னால் கூன்போட்டு வளையும்போது அழுத்தம் ஏறுகிறது, சாய்மானத்தில் முதுகு படும்போது இறங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே பள்ளிப் பிள்ளையைப் போல விறைப்பாக 90 பாகையில் உட்கார வேண்டியதில்லை. முதுகு 100 முதல் 110 பாகை வரை சற்றே பின்சாய்ந்து, சாய்மானம் எடையைத் தாங்கினால் போதும். விறைத்து உட்காரச் சொல்லும் அறிவுரையைப் பத்து நிமிடத்துக்கு மேல் யாராலும் கடைப்பிடிக்க முடிவதும் இல்லை.

இருக்கையை அமைப்பதில் வரிசை முக்கியம். நாற்காலியிலிருந்து தொடங்கச் சொல்வதே வழக்கம். ஆனால் மேசையின் உயரத்தை மாற்ற முடியாத அலுவலகத்தில் முழங்கையிலிருந்து தொடங்குவதே சரி. முதலில் தோளைத் தளரவிட்டு, மேற்கையை விலாவோடு தொங்கவிட்டு, முழங்கை கீபோர்டின் மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்த வேண்டும். இப்போது கால் தரையில் முழுதாகப் பதிந்தால் வேலை முடிந்தது. பதியாவிட்டால், எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு உயரத்துக்குக் காலடியில் பலகை வேண்டும். முதற்பத்தியில் சொன்ன பெண்ணுக்கு அது ஏறக்குறைய அரை அடி. கடையில் விற்கும் சாய்வான கால்தாங்கி இல்லாவிட்டால் வீட்டு மணைப்பலகை இரண்டை அடுக்கி வைத்தாலும் அதே பலன். பலகை இரு பாதங்களையும் நகர்த்தி வைக்கும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். தொங்கும் கால் சிறிய தொல்லை அல்ல. இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்துகிறது. கால் வீங்குகிறது, மரத்துப்போகிறது. அதைத் தவிர்க்க ஆள் விளிம்புக்கு நகர்ந்து உட்காருகிறார். அந்த நொடியே நாற்காலியின் சாய்மானம் பயனற்றுப் போகிறது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய நாற்காலியும் கால் தொங்குபவருக்கு வெறும் முக்காலிதான்.

இதைவிட நல்ல தீர்வு மேசையையே தாழ்த்துவது. மரக்கால் மேசையானால் ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. புதிதாக வாங்கும் இடத்தில் உயரம் மாற்றக்கூடிய மேசைகளைக் கேட்கலாம். எல்லாருக்கும் முடியாவிட்டாலும் மிகக் குள்ளமானவருக்கும் மிக உயரமானவருக்குமாவது. கணினி மேசைகளில் இழுத்து வெளியே எடுக்கும் கீபோர்டு டிரே உயரத்தை எட்டு, பத்து சென்டிமீட்டர் குறைத்துத் தருகிறது. அந்த அளவில் அது நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் பல டிரேக்கள் கீபோர்டு மட்டும் அடங்கும் அகலத்தில் செய்யப்படுவதால் மவுஸ் மேசைமேலேயே தங்கிவிடுகிறது. வலக்கை நாள் முழுவதும் மேலே ஏறி, முன்னே நீண்டு வேலை செய்கிறது. டிரே வாங்கினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கும் அகலத்தில் வாங்க வேண்டும். அடியில் தொடை நுழைய இடமும் பார்க்க வேண்டும். யுபிஎஸ், சிபியு, பழைய கோப்புக் கட்டுகள் ஆகியவற்றை மேசைக்கு அடியில் அடைப்பதும் இதே வகைத் தவறு. கால் நீட்ட இடமில்லாதவர் உடம்பை ஒருபக்கமாகத் திருப்பி உட்காருகிறார். கழுத்து மட்டும் திரையை நோக்கித் திரும்பியிருக்கிறது.

நாற்காலியில் பார்க்க வேண்டியவை பல இருந்தாலும், வாங்குபவர்கள் தவறவிடுவது இருக்கையின் ஆழத்தை. முதுகு சாய்மானத்தில் படும்படி உட்கார்ந்தால், முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். உயரமான ஐரோப்பிய உடலுக்கு அளவெடுத்த இருக்கை இங்குள்ள பலருக்கு ஆழம் அதிகம். இந்திய உடல் அளவுகளைத் தொகுத்து அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறது. நாற்காலிப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் புரட்ட வேண்டியது அதைத்தான். இருக்கை ஆழத்தை முன்பின் நகர்த்தும் நாற்காலி கிடைக்காவிட்டால், முதுகுக்குப் பின்னால் சிறு தலையணை வைத்து ஆழத்தைக் குறைக்கலாம். அதே தலையணை இடுப்பின் உள்வளைவுக்கும் ஆதாரமாகும். துண்டு ஒன்றைச் சுருட்டி அரைக்கச்சை மட்டத்தில் வைத்தாலும் போதும். நாற்காலியின் முதுகில் துண்டு விரிக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் பதவிக்கு அடையாளமாக இருக்கிறது; அதைச் சுருட்டிக் கீழே இறக்கினால் உடம்புக்கும் உதவும்.

கைப்பிடிகள் முழங்கை உயரத்துக்கு வந்தால் நல்லவை. உயரம் மாற்ற முடியாத கைப்பிடி மேசை விளிம்பில் முட்டி, நாற்காலியை உள்ளே தள்ள விடாது; ஆள் தொலைவில் உட்கார்ந்து கையை நீட்டுவார். அப்படிப்பட்ட கைப்பிடியைத் திருகாணி கழற்றி எடுத்துவிடுவதே மேல். சக்கரம் பொருத்திய அலுவலக நாற்காலியின் அடித்தளத்தில் ஐந்து கால் இருக்க வேண்டும். நான்கு கால் கொண்டது பக்கவாட்டில் கவிழும்.

கீபோர்டின் பின்புறம் இரண்டு மடக்குக் கால்கள் உண்டு. அவற்றை நிமிர்த்தி வைப்பதே சரியான முறை என்று பலர் நம்புகிறார்கள். அப்படி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறது. கால்களை மடக்கி, கீபோர்டைப் படுக்கையாக வைத்தால் புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் அமையும். தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றக் கூடாது. மணிக்கட்டின் உட்புறம் குறுகிய குகை போன்றது. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகப் போகின்றன. அந்த நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகும். இரவில் கையை உதறிக்கொண்டு விழிக்க நேரும். தட்டச்சு மட்டுமே இந்த நோய்க்குக் காரணம் என்று சொல்லுமளவுக்குச் சான்று இல்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவை இதற்கு வழிவகுக்கும். சுண்டுவிரல் மரத்தால் கதை வேறு. முழங்கையைக் கடினமான மேசைமேல் ஊன்றி உட்காரும் பழக்கம் அங்கே ஓடும் நரம்பை அழுத்தியிருக்கலாம். எந்த விரல் மரக்கிறது என்று கேட்பதிலிருந்தே எதை மாற்றுவது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மவுஸ் கீபோர்டுக்கு ஒட்டியே, அதே மட்டத்தில் இருக்க வேண்டும். எண் விசைகள் வலப்புறம் அமைந்த நீளமான கீபோர்டு மவுஸை விலக்கித் தள்ளிவிடுகிறது. கணக்குப் பதியாதவர்களுக்கு அந்த எண் விசைகள் தேவையில்லை. குட்டைக் கீபோர்டு வாங்கினால் வலத்தோள் பிழைக்கும்.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றே கீழே, கை நீட்டித் தொடும் தொலைவில், ஏறத்தாழ 50 முதல் 75 சென்டிமீட்டருக்குள், உடம்புக்கு நேர் எதிரே. தாழ்வாக இருந்தால் அடியில் ஏ4 காகிதக் கட்டு வைக்கலாம். 500 தாள் கொண்ட ஒரு கட்டு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தித் தரும். இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நாற்பது வயதைக் கடந்த ஊழியர்கள் நிறைந்த அலுவலகத்தில் அதுதான் முக்கியம். பைஃபோகல் அல்லது புராக்ரசிவ் கண்ணாடி அணிந்தவர் அருகிலுள்ளதைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறார். திரை கண் மட்டத்தில் இருந்தால் மோவாயைத் தூக்கி, பிடரியை மடித்துத்தான் படிக்க முடியும். அவருக்குத் திரையை நன்றாகக் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் திரையின் தொலைவை அளந்துபோய், அந்தத் தொலைவுக்கென்றே தனிக் கண்ணாடி வாங்க வேண்டும். பிடரி வலிக்கு மாத்திரை விழுங்கும் பலருக்குத் தேவைப்படுவது இதுவே.

காகிதத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்வோர் நம் ஊரில் ஏராளம்: பத்திர எழுத்தர் அலுவலகம், அச்சகம், வட்டாட்சியர் அலுவலகம், கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம். காகிதம் இடப்பக்கம் மேசையில் படுத்திருக்கும். தலை நாளெல்லாம் கீழே இடப்பக்கமும் மேலே வலப்பக்கமுமாக ஊசலாடும். திரைக்குப் பக்கத்திலேயே, திரையின் மட்டத்தில் தாளை நிறுத்தும் தாங்கி ஒன்று வைத்தால் இந்த ஊசலாட்டம் நின்றுவிடும். தரையில் உட்கார்ந்து கணக்கெழுதிய காலத்தில் கணக்குப்பிள்ளைகள் சாய்வு மேசை வைத்திருந்தார்கள். காகிதம் கண்ணை நோக்கி எழுந்து நின்றது. கணினி வந்தபோது அந்தச் சாய்வு தொலைந்தது. ஒரு கையில் பேரேடு, தோளுக்கும் காதுக்கும் இடையில் தொலைபேசி என்று வேலை செய்பவருக்கு ஹெட்செட் வாங்கிக் கொடுப்பதும் இதே வகைச் செலவு.

வெளிச்சத்தில் பிழை செய்வது எளிது. சன்னல் திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். ஆளுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். சன்னல் பக்கவாட்டில் அமையும்படி மேசையைத் திருப்பிவிட்டால் இரண்டும் தீரும். டியூப்லைட் இரண்டு மேசை வரிசைகளுக்கு இடையில் வருவது நல்லது. திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. ஏசிக் காற்றோ மின்விசிறிக் காற்றோ முகத்தில் நேராக அடித்தால் கண் மேலும் காய்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பார்ப்பது எளிய பழக்கம்.

லேப்டாப் தனியாகச் சொல்ல வேண்டிய பொருள். திரையும் கீபோர்டும் கீல் போட்டுச் சேர்க்கப்பட்டிருப்பதால், ஒன்று சரியான உயரத்தில் இருந்தால் மற்றது தவறான உயரத்தில்தான் இருக்கும். எந்த நாற்காலியும் இதைத் திருத்தாது. திரைக் கருவிகளோடு வேலை செய்வோருக்கான பாதுகாப்பை ஐரோப்பிய சமூகம் 1990இல் விதியாக்கியபோது, கீபோர்டு திரையிலிருந்து தனியாக இருக்க வேண்டும் என்று எழுதியது. கால்தாங்கி கேட்பவருக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. நாள் முழுவதும் லேப்டாப்பில் வேலை வாங்கும் நிறுவனம், கருவியோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தனிக் கீபோர்டும் மவுஸும் சேர்த்துக் கொடுப்பது அடிப்படைக் கடமை. லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் ஏற்றிவிட்டால் அது மானிட்டராகிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் கட்டிலில் சாய்ந்து, மடியில் வைத்து வேலை செய்தால் அலுவலகத்தில் செய்த ஒழுங்கெல்லாம் அங்கே கரைந்துபோகும். வீட்டு இருக்கையும் நிர்வாகத்தின் கணக்கில் வர வேண்டியதே.

இத்தனையும் செய்த பிறகும், அசையாமல் இரண்டு மணி நேரம் உட்காருவதைச் சரிசெய்யும் நாற்காலி உலகத்தில் இல்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் நடப்பது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் நீண்ட ஓய்வைவிட நல்லது. வலி சேர்வதற்கு முன்னால் தசைக்கு ரத்தம் போகிறது. அச்சுப்பொறியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காமல் அறையின் மறுகோடியில் வைப்பதும், தண்ணீர்க் குடத்தைத் தாழ்வாரத்தில் வைப்பதும் இதற்கு உதவும். எழுந்து போனால் மேலாளர் கடிகாரத்தைப் பார்க்கும் அலுவலகத்தில் இவை எதுவும் நடக்காது. ஆஸ்திரேலியாவில் 1980களின் முதற்பாதியில் விசைப்பலகைப் பணியாளர்களிடையே கைவலிப் புகார்கள் அலையாக எழுந்து, பின் தணிந்தன. காரணம் பற்றிய வாதம் நெடுங்காலம் நடந்தது. மேசை நாற்காலியோடு வேலையின் வேகம், கண்காணிப்பு, மன உளைச்சல் ஆகியவையும் அந்த வாதத்தில் இடம்பெற்றன. ரமாசினி சொன்ன மூன்றாவது காரணம் அங்கே திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நின்றே வேலை செய்த கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். உட்கார விடாமை எவ்வளவு கொடுமையோ, எழுந்திருக்க விடாமையும் அவ்வளவு கொடுமை.

வலி வந்தவர் முதலில் அதை மறைக்கிறார். தைலம் தேய்க்கிறார், கை மாற்றிக்கொள்கிறார், விடுப்பு எடுக்கிறார். ஞாயிறு குறைந்து திங்கள் மாலை திரும்பும் வலியானால் இருக்கையைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஓய்விலும் தொடரும் மரத்துப்போதல், டம்ளர் கைநழுவும் அளவுக்குப் பிடி தளர்தல், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி ஆகியவற்றுக்கு மருத்துவரிடம் போக வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு குலைந்தால் அன்றே போக வேண்டும். நிர்வாகி ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மேசையாகச் சென்று, உட்கார்ந்திருப்பவரைப் பக்கவாட்டிலிருந்து ஐந்து நிமிடம் பார்த்தாலே தோள், கால், கழுத்து மூன்றும் நிலையைச் சொல்லிவிடும். அளவு நாடா ஒன்று கையில் இருந்தால் போதும்.

ஷிஃப்ட் முறையில் ஒரே நாற்காலியில் மூவர் மாறி மாறி உட்காரும் இடங்களில், உயரம் மாற்றும் நெம்புகோலை எப்படி இயக்குவது என்று மூவருக்கும் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொருவரின் நாற்காலி உயரத்தையும் திரையின் உயரத்தையும் ஒரு சிறு தாளில் எழுதி மேசையின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தால், வேலைக்கு வந்து உட்காருபவர் கணினியைத் திறப்பதற்கு முன் அதைப் பார்த்து இருக்கையைத் தன் அளவுக்கு மாற்றிக்கொள்ள அரை நிமிடம் ஆகும்.